கரைக்குக் கீழே யார் இருக்கிறார்கள்?
சொந்த நிலத்து மண் அணைக்கு ஆபத்து வகுப்பு கண்டறிய முழுமையான வழிகாட்டி

விழுப்புரம் பக்கம் பனமலைக் குன்றின் மேல் ராஜசிம்மப் பல்லவன் எழுப்பிய தாளகிரீசுவரர் கோயில் இருக்கிறது. அங்கே எஞ்சியிருக்கும் தேவி ஓவியத்தைப் பார்க்கத்தான் பெரும்பாலோர் ஏறுகிறார்கள். நாம் ஏரியைப் பார்க்க ஏறுவோம். மேலிருந்து பார்த்தால் ஒரு பக்கம் தண்ணீர், நடுவே நீண்ட மண் கரை, தாழ்ந்த பக்கம் வயல்வெளி என எல்லாம் ஒரே பார்வையில் கிடைக்கும். இந்த வழிகாட்டி முழுவதும் நாம் அந்தத் தாழ்ந்த பக்கத்தைத்தான் பார்க்கப் போகிறோம்.

விழுப்புரம், திண்டிவனம் பக்கம் சொந்த நிலத்தில் கரை போட்டுத் தண்ணீர் தேக்க ஆசைப்படுகிறவர்கள் நிறைய. சிலரிடம் தாத்தா காலத்துக் குட்டை ஏற்கெனவே இருக்கும். எவ்வளவு தேங்கும், எவ்வளவு செலவாகும், மீன் விடலாமா என்ற கேள்விகள் எல்லோருக்கும் வரும். உடைந்தால் யார் வீட்டுக்குள் போகும் என்ற கேள்வி மட்டும் கடைசியில்தான் வரும், சில சமயம் வராமலே போகும். ஆபத்து வகுப்பு என்பது அந்தக் கேள்விக்கான பதில். பொறியியல் படிக்காமலேயே அதன் முதல் கணக்கை நாமே போட்டுவிடலாம். வாருங்கள்.

ஆபத்து வகுப்பு என்றால் என்ன?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். கரை பலமாக இருக்கிறதா, பலவீனமாக இருக்கிறதா என்பதற்கும் ஆபத்து வகுப்புக்கும் தொடர்பு இல்லை. கரை உடைந்துவிட்டது என்றே வைத்துக்கொண்டு, அதன் பிறகு என்ன சேதம் வரும் என்பதை மட்டுமே அது சொல்கிறது. அருமையாகக் கட்டிய கரைகூட அதிக ஆபத்து வகுப்பில் வரலாம். கவனிப்பாரற்ற பழங்கரை, கீழே வெறும் தரிசு இருந்தால், குறைந்த ஆபத்து வகுப்பிலேயே நிற்கும்.

அமெரிக்காவில் பட்டியலிட்ட அணைகளில் பாதிக்கு மேல் தனியாருக்குச் சொந்தமானவை, ஆகவே அங்கிருந்தே தொடங்குவோம். அங்கே மூன்று வகுப்புகள். உயிருக்கு ஆபத்தில்லை, சேதமும் உரிமையாளரின் நிலத்தோடு போய்விடும் என்றால் குறைந்த ஆபத்து. உயிர்ச்சேதம் வராது, ஆனால் அடுத்தவர் சொத்து, சாலை, மின்சாரம் போன்றவை பாதிக்கும் என்றால் குறிப்பிடத்தக்க ஆபத்து. ஓர் உயிராவது போக வாய்ப்பு உண்டு என்றால் அதிக ஆபத்து. ஒன்று என்பதே எல்லைக்கோடு என்பதைக் கவனியுங்கள்.

நம் நாட்டில் மத்திய நீர் ஆணையம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டி நான்கு வகுப்புகள் வைத்திருக்கிறது. அணையின் முதலீட்டு மதிப்பு, உயிரிழப்பு, சொத்துச் சேதம், சுற்றுச்சூழலும் பண்பாட்டுச் சின்னங்களும் ஆகிய நான்குக்கும் மதிப்பெண் போட்டுக் கூட்டும் முறை அது. பெரிய அணைகளுக்கு அது சரி. நம் குட்டைக்கு அமெரிக்க முறையின் மூன்று வகுப்பு போதும்.

சட்டம் நம்மைத் தொடுமா?

அணைப் பாதுகாப்புச் சட்டம், 2021 என்று ஒன்று 2021 டிசம்பர் 30 முதல் நடைமுறையில் இருக்கிறது. 15 மீட்டருக்கு மேல் உயரமுள்ள அணைகள் அதற்குள் வரும். 10 முதல் 15 மீட்டர் வரை உள்ளவை, 500 மீட்டர் நீளம் அல்லது 10 லட்சம் கன மீட்டர் கொள்ளளவு போன்ற நிபந்தனைகளில் ஒன்றை எட்டினால் வரும். அரசோ உள்ளாட்சியோ கம்பெனியோ, உரிமையாளர் யாரானாலும் பொறுப்பு உண்டு.

மூன்று மீட்டர் கரை இந்த வலையில் சிக்காது. ஆகவே நம் குட்டையை யாரும் வந்து வகுப்புப் பிரித்துத் தரப்போவதில்லை. நாமேதான் செய்துகொள்ள வேண்டும். சட்டம் தொடாத அளவு சிறியது என்பதால் ஆபத்தும் சிறியது என்று நினைத்துவிடக் கூடாது. கென்யாவின் சோலாய் என்ற ஊரில் 2018 மே மாதம், கனமழைக்குப் பிறகு ஒரு தனியார் பண்ணையின் மண் அணை இரவில் உடைந்து 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கீழே குடியிருப்பு இருந்தது, அவ்வளவுதான்.

முதல் படி: இடமும் காகிதமும்

பட்டா, சிட்டா, அ-பதிவேடு, புலப்படம் நான்கையும் எடுத்துக்கொள்வோம். புலப்படத்தில் ஓடைக் கோடோ வாய்க்கால் கோடோ நம் சர்வே எண்ணுக்குள் போகிறதா என்று பாருங்கள். போனால் அங்கேயே நிறுத்துங்கள். ஓடைப் புறம்போக்கை மறிக்க நமக்கு உரிமை இல்லை. தமிழ்நாட்டு ஏரிகளில் 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு, அதாவது பாசன நிலம், உள்ளவை நீர்வளத் துறையின் பொறுப்பு, அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. அவற்றுக்குப் போகும் வரத்து வாய்க்காலை நாம் மறித்தால் கீழே இருக்கும் மொத்த ஆயக்கட்டும் நம் வாசலுக்கு வரும், நியாயமாகவே. பனமலை ஏரியையே எடுத்துக்கொள்ளுங்கள். திருவண்ணாமலை மாவட்டம் கீரனூரில் துரிஞ்சலாற்றிலிருந்து பிரியும் நந்தன் கால்வாய் வழியாக, பல ஏரிகளைக் கடந்துதான் அதற்குத் தண்ணீர் வருகிறது. வழியில் யார் மறித்தாலும் கடைசி ஏரிக்குத் தெரிந்துவிடும்.

ஓடை இல்லை, நம் பட்டா நிலத்தில் விழும் மழைத் தண்ணீர்தான் என்றால் தொடரலாம். கிராம நிர்வாக அலுவலரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். மண்ணை வெளியிலிருந்து கொண்டுவருவதாக இருந்தால் கனிமவள அனுமதியைத் தாலுகா அலுவலகத்தில் விசாரிக்காமல் டிப்பரை வரச் சொல்லாதீர்கள்.

இரண்டாம் படி: எவ்வளவு தண்ணீர், எவ்வளவு உயரம்?

இரண்டு எண்கள் வேண்டும். ஒன்று, கரையை ஒட்டிய அதிகபட்ச ஆழம். ஆனால் குட்டையின் மொத்த ஆழத்தை எடுக்கக் கூடாது. வெளிப்பக்கத் தரை மட்டத்துக்கு மேலே நிற்கும் தண்ணீரின் உயரமே கணக்கு. தரைக்குக் கீழே தோண்டியதில் இருப்பது உடைந்து ஓடாது. வேளாண் பொறியியல் துறை போடும் 30 மீட்டருக்கு 30 மீட்டர், 2 மீட்டர் ஆழப் பண்ணைக்குட்டையில் 14 லட்சம் லிட்டருக்கு மேல் பிடிக்கும். முழுக்கத் தோண்டியது என்பதால் கரை உடையும் பேச்சே அங்கு இல்லை.

அளப்பதற்குக் கொத்தனார் வைத்திருக்கும் டியூப் லெவல் போதும். உபரி நீர் வெளியேறும் கலங்கலின் தலைமட்டத்திலிருந்து கரையின் வெளி அடிவாரம் எவ்வளவு தாழ்வு என்று பாருங்கள்.

இன்னொன்று, கொள்ளளவு. நீர்ப்பரப்பு, அதிகபட்ச ஆழம், 0.4 மூன்றையும் பெருக்குங்கள். சிறு குட்டைகளுக்கு இந்தத் தோராயம் போதும். நான்கு ஏக்கர் பரப்பு, 3 மீட்டர் ஆழம் என்றால் சுமார் 20,000 கன மீட்டர், அதாவது 2 கோடி லிட்டர்.

உடைந்தால் எவ்வளவு வேகத்தில் வரும்? ஃப்ரோலிக் என்ற பொறியாளர், உடைந்த அணைகளின் பதிவுகளை வைத்து 1995-ல் ஒரு சூத்திரம் தந்தார். கொள்ளளவை 0.295 என்ற அடுக்குக்கும், உயரத்தை 1.24 என்ற அடுக்குக்கும் ஏற்றி, இரண்டையும் பெருக்கி, அதை 0.607-ஆல் பெருக்க வேண்டும். செல்போன் கால்குலேட்டரைப் படுக்கவைத்துப் பிடித்தால் அடுக்குப் பொத்தான் வரும். நம் குட்டைக்கு விடை நொடிக்குச் சுமார் 44 கன மீட்டர். ஊர்க் கணக்கில் 1,500 கன அடிக்கு மேல்.

இந்த எண்ணைக் கண்டு பலர் நம்ப மறுப்பார்கள். சின்னக் குட்டைதானே என்பார்கள். அது நீண்ட நேரம் ஓடாது என்பது உண்மை. உச்ச வேகத்திலேயே போனால் எட்டு நிமிடத்துக்குள் குட்டை காலி. ஆனால் கரைக்கு அருகே இருக்கும் ஒரு குடிசைக்கு அந்த எட்டு நிமிடம் தாராளம்.

மூன்றாம் படி: கீழே நடப்போம்

இதுதான் வழிகாட்டியின் இதயம். ஒரு முழுக் காலையை ஒதுக்குங்கள். செல்போனில் செயற்கைக்கோள் படத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, கரையின் தாழ்ந்த இடத்திலிருந்து தண்ணீர் போகும் வழியே நடப்போம். தண்ணீர் ஓர் ஓடையின் கரைக்குள் அடங்கும் வரை, அல்லது ஒரு பெரிய ஏரியைச் சேரும் வரை நடக்க வேண்டும்.

வழியில் தென்படும் எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். மோட்டார் கொட்டகை, டிரான்ஸ்பார்மர், சிறுபாலம், மாட்டுக் கொட்டகை, கோயில், அங்கன்வாடி. ஒவ்வோர் இடத்திலும் இரண்டு விஷயம் எழுதுங்கள்: ஓடைத் தரையிலிருந்து அதன் வாசல் எவ்வளவு உயரம், அங்கே இரவில் யாராவது படுக்கிறார்களா?

இரவில் படுப்பவர்களைக் கண்டுபிடிப்பது எளிதல்ல. இந்த வட்டாரத்தில் கரும்பு வெட்ட வருகிறவர்கள் வயல் ஓரத்தில் குடிசை போட்டுத் தங்குவார்கள். செங்கல் சூளையில் குடும்பத்தோடு தங்கியிருப்பார்கள். நெல் காயும்போது களத்திலேயே காவலுக்குப் படுப்பார்கள். இவர்கள் எந்த வீட்டு வரி ரசீதிலும் இல்லை, செயற்கைக்கோள் படத்திலும் இருக்க மாட்டார்கள். நாம் போகும் மாதத்தில் அந்த இடம் காலியாகவும் இருக்கலாம். டீக்கடையில் விசாரித்தால்தான் தெரியும். எண்ணிக்கையில் இவர்களைச் சேர்த்தே ஆக வேண்டும்.

எவ்வளவு தண்ணீர் வந்தால் ஆபத்து? வாசலில் இரண்டடி நின்றால் வீட்டுக்கு ஆபத்து என்று வைத்துக்கொள்வோம். ஓடும் தண்ணீர் என்றால் ஆழத்தை மீட்டரிலும் வேகத்தை நொடிக்கு மீட்டரிலும் எடுத்துப் பெருக்குங்கள். 0.4-ஐத் தாண்டினால் குழந்தை நிற்க முடியாது, 0.6-ஐத் தாண்டினால் பெரியவருக்கும் கால் நழுவும். முழங்கால் தண்ணீர் வேகமாக வந்தாலே இந்த எல்லை தாண்டிவிடும்.

இன்னொரு விஷயம் நம் பகுதிக்கே உரியது. இங்கே ஏரிகள் தொடராக இருக்கின்றன. ஒன்று நிரம்பிக் கோடி போனால் (வழிந்தால்) அடுத்தது நிரம்பும். நம் குட்டை உடைவது பெரும்பாலும் கனமழை நாளில்தான், அன்றைக்குக் கீழே இருக்கும் சிற்றேரியும் ததும்பிக்கொண்டிருக்கும். நம் 20,000 கன மீட்டரும் சேர்ந்தால் அதன் கரையும் தாங்காமல் போகலாம். அப்படி வாய்ப்பு இருந்தால் அந்த ஏரிக்குக் கீழே இருப்பவர்களும் நம் கணக்கில் வருவார்கள். அதேபோல், மழையே இல்லாத நாளில் மதகோரம் அரித்து உடைந்தால் என்ன ஆகும் என்றும் தனியாகப் பாருங்கள். அன்று யாரும் எச்சரிக்கையாக இருக்க மாட்டார்கள். இரண்டில் எது மோசமோ அதுவே நம் வகுப்பு.

நான்காம் படி: வகுப்பை எழுதுவோம்

யாராவது தங்கும் ஓர் இடத்துக்கு ஆபத்தான தண்ணீர் போகும் என்றால் அதிக ஆபத்து. தங்கும் இடம் இல்லை, ஆனால் ஊர்ச் சாலை, மின்கம்பம், அடுத்தவர் போர்வெல், விளைச்சல் அடிபடும் என்றால் குறிப்பிடத்தக்க ஆபத்து. எல்லாம் நம் வேலிக்குள்ளேயே முடிந்துவிடும் என்றால் குறைந்த ஆபத்து. இரண்டு வகுப்புகளுக்கு நடுவில் தடுமாறினால் மேல் வகுப்பையே எழுதுங்கள்.

எவ்வளவு செலவாகும்?

வகுப்புக் கண்டறிய டேப், டியூப் லெவல், ஒரு காலை நேரம் போதும். சந்தேகம் இருந்தால் டோட்டல் ஸ்டேஷன் வைத்திருக்கும் சர்வேயரை ஒரு நாளைக்கு அழைக்கலாம். அதிக ஆபத்து என்று வந்துவிட்டால் சிவில் பொறியாளர் இல்லாமல் ஓர் அடிகூட எடுத்து வைக்க வேண்டாம். சிறு மண் அணைகளை வடிவமைக்க இந்தியத் தர நிறுவனத்தின் ஐஎஸ் 12169 இருக்கிறது. அதைத் தெரிந்தவரா என்று கேட்டுவிட்டு அழையுங்கள்.

உண்மையான செலவு கரைக்குத்தான். 3 மீட்டர் தண்ணீருக்கு ஒரு மீட்டர் உபரி உயரம் விட்டு 4 மீட்டர் கரை. மேல் அகலம் 3 மீட்டர். ஒரு மீட்டர் உயரத்துக்கு உள்பக்கம் 2.5 மீட்டரும் வெளிப்பக்கம் 2 மீட்டரும் சரிவு. அடியகலம் 21 மீட்டர் வரும். நூறு மீட்டர் நீளத்துக்கு 4,800 கன மீட்டர் மண், சுமார் 1,700 யூனிட். இறுக்கிய பிறகுதான் இந்த அளவு நிற்கும் என்பதால் கொண்டுவருவது 2,000 யூனிட்டைத் தாண்டும். உங்கள் ஊரில் ஒரு யூனிட் என்ன விலையோ அதனால் பெருக்குங்கள். தண்ணீர் தெளித்து ரோலர் ஓட்டும் கூலியைத் தனியாகச் சேருங்கள். ஜேசிபி மேலே ஏறி இறங்கினாலே இறுகிவிடும் என்று சொல்பவரை நம்ப வேண்டாம். அடுக்கடுக்காகப் போட்டு இறுக்காத கரை முதல் நிரப்பலிலேயே காட்டிக்கொடுக்கும்.

இப்போது தண்ணீரை 2 மீட்டராகக் குறைத்துப் பாருங்கள். கரை 3 மீட்டர், மண் 2,925 கன மீட்டர். செலவில் ஏறக்குறைய நாற்பது சதவீதம் மிச்சம். பரப்பு இரண்டு ஏக்கராகச் சுருங்கினால் கொள்ளளவு 6,500 கன மீட்டருக்குக் கிட்டே வரும், உடைப்பின் உச்ச வேகம் நொடிக்கு 19 கன மீட்டராக இறங்கும். வகுப்பே ஒரு படி கீழே வரலாம். குறைந்த தண்ணீரை உள்ளே தோண்டி ஈடுகட்டிக்கொள்ளலாம், தோண்டிய மண் கரைக்கும் ஆகும். இந்தப் பகுதிக்கு என் பரிந்துரை எப்போதும் இதுதான்: உயர்த்தாதீர்கள், தோண்டுங்கள்.

கலங்கலில் கஞ்சத்தனம் வேண்டாம்

மண் கரை தன் தலைக்கு மேல் தண்ணீர் போவதைத் தாங்காது. ஹவாயின் கவாய் தீவில் கா லோகோ என்ற தனியார் மண் அணை 2006 மார்ச் 14 அன்று உடைந்து ஏழு பேர் இறந்தார்கள். உபரி நீர் போகும் வழி அடைபட்டிருந்ததாக விசாரணையில் தெரியவந்தது.

நம் ஊர்க் கணக்கைப் போடுவோம். ஃபெஞ்சல் புயலில், 2024 நவம்பர் 30 – டிசம்பர் 1-ல், மயிலத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 50 செ.மீ. கொட்டியது. நம் குட்டைக்கு 50 ஏக்கர் வரத்து நிலம் இருந்தால் அதன்மேல் விழுந்தது ஒரு லட்சம் கன மீட்டர். எழுபது சதவீதம் ஓடி வந்தாலே குட்டையைப் போல மூன்றரை மடங்கு. மணிக்கு 80 மி.மீ. வேகத்தில் பெய்யும் நேரத்தில் அதே எழுபது சதவீதக் கணக்கில் நொடிக்கு 3.1 கன மீட்டர் வரும். அதை ஓரடி உயரத்தில் அமைதியாக வெளியேற்றக் கலங்கல் சுமார் பதினொரு மீட்டர் அகலம் வேண்டும். இரண்டு சிமென்ட் பைப் வைத்தால் போதும் என்பது இந்தக் கணக்கைப் போடாதவர்களின் யோசனை.

இந்தியத் தரக் குறிப்பு ஐஎஸ் 11223, சிறிய அணைகளுக்கு நூறாண்டுக்கு ஒருமுறை வரும் வெள்ளத்தைத் தாங்கச் சொல்கிறது. கீழே ஆபத்து அதிகம் என்றால் அதைவிடப் பெரிய வெள்ளத்தை எடுக்கலாம் என்றும் சொல்கிறது. வகுப்பு நமக்கு நேரடியாகப் பயன்படும் இடம் இதுவே.

எச்சரிக்கை: உடைந்தால் யார் பொறுப்பு?

இங்கே இரண்டு பழைய வழக்குகளைத் தெரிந்துகொள்வது நல்லது. இங்கிலாந்தில் ரைலண்ட்ஸ் என்ற ஆலை முதலாளியின் நீர்த்தேக்கத்துத் தண்ணீர் பக்கத்துச் சுரங்கத்துக்குள் புகுந்தது. அவர் கவனக்குறைவாக இருக்கவில்லை என்றாலும் நஷ்டஈடு தரவேண்டும் என்று 1868-ல் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது.

ஆறு ஆண்டு கழித்து நம் பக்கத்து வழக்கு லண்டன் பிரிவி கவுன்சிலுக்குப் போனது. கார்வேட்டிநகரம் ஜமீனின் ஏரிகள் பெருமழையில் உடைந்து சென்னை ரயில்வே கம்பெனியின் பாதையை அடித்துக்கொண்டு போயின. கம்பெனி ரைலண்ட்ஸ் தீர்ப்பைக் காட்டி ஈடு கேட்டது. 1874-ல் கவுன்சில் மறுத்தது. இந்த ஏரிகள் பழங்காலத்தவை, மக்கள் பிழைப்புக்கு அவசியமானவை, அவற்றைப் பராமரிப்பது ஜமீனின் கடமை, கவனக்குறைவும் இல்லை என்றது.

இதைப் படித்துவிட்டு நாமும் தப்பிக்கலாம் என்று எண்ண வேண்டாம். நாம் சொந்த லாபத்துக்காகப் புதிதாகக் கரை போடுகிறோம். ஜமீனுக்குக் கிடைத்த அந்தச் சலுகைக்கு நம்மிடம் ஆதாரம் குறைவு. அந்த வழக்கில் ரயில் பாதைதான் பிறகு வந்தது, ஏரிகள் முன்பே இருந்தன என்பதையும் கவனியுங்கள். திண்டிவனம் நெடுஞ்சாலை ஓரத்தில் வயல்கள் மனைகளாக மாறும் வேகத்தைப் பார்த்தால், நம் கரைக்குக் கீழேயும் அது நடக்கும். கரையில் ஒரு கூடை மண்கூட மாறாமல், வகுப்பு மட்டும் மேலே ஏறிவிடும்.

ஆண்டுக்கு ஒருமுறை

ஆடி முடிந்து ஆவணியில், வடகிழக்குப் பருவமழைக்கு முன் கரை முழுக்க நடந்து பாருங்கள். எலி வளை, நண்டு வளை, புற்று, வேர்விட்ட சீமைக்கருவேலம், மாடு இறங்கித் தேய்ந்த தடம், மேலே நீளவாக்கில் விரிசல் ஆகியவற்றைத் தேடுங்கள். வெளி அடிவாரத்தில் தெளிந்த கசிவு இருந்தால் குச்சி நட்டுக் கவனியுங்கள். கசிவு கலங்கிய நீராக வந்தால் மண்ணையும் சேர்த்து எடுத்துவருகிறது என்று பொருள். உடனே மதகைத் திறந்து மட்டத்தைக் குறையுங்கள். ஆனால் மெதுவாக. ஒரே நாளில் வடித்தால் நனைந்த உள்சரிவு சரியும்.

அதே வாரத்தில் கீழ்ப்பக்கமும் ஒருமுறை நடந்து, புதிய வீடு, புதிய லே-அவுட் கல், புதிய சூளை ஏதாவது வந்திருக்கிறதா என்று பார்த்துத் தேதி போட்டு எழுதுங்கள். கீழே இருக்கும் வீடுகளின் செல்போன் எண்களை ஒரு தாளில் எழுதி மோட்டார் கொட்டகையில் ஒட்டுங்கள். அவர்களிடமும் நம் எண் இருக்கட்டும். மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை எண் 1077-ஐ அதே தாளின் மேல் பெரிதாக எழுதுங்கள். கரை உடையும் போல் தெரிந்தால் மணல் மூட்டையைத் தேடுவதற்கு முன் அந்தத் தாளில் உள்ள முதல் எண்ணை அழைக்க வேண்டும். கரை மேல் யாரையும் நிற்க விடக் கூடாது.